சிங்காரம்மாளின் வரிசை

ஒரு காட்டில், அதுவும் மரமே இல்லாத காட்டில், கடலுக்கடியில் பவளம் வளர்ந்து உண்டான காட்டில், தவசி என்றொரு மீன் பல் துலக்கிப் பிழைத்துவந்தான். அந்தக் கடல் நமக்கு மேற்கே நெடுந்தூரத்தில் இருக்கிறது. அங்கே பிறந்த மீனுக்குத் தவசி என்று எப்படிப் பெயர் வந்தது என்று கேட்டால் கதை இங்கேயே நின்றுவிடும்.

தவசி விரல் நீளம்தான் இருப்பான். மற்ற மீன்கள் வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அவன் உள்ளே புகுந்து பல்லிடுக்கிலும் செவுளிலும் ஒட்டியிருக்கிற பேன்களைக் கொத்தித் தின்றுவிட்டு வெளியே வருவான். அவர்களுக்குச் சுத்தம், அவனுக்குச் சாப்பாடு. மனைவி பேச்சி வால் பக்கத்தைப் பார்த்துக்கொள்வாள். அந்தப் பாறைக்கு முன்னால் நிற்கும்போது யாரும் யாரையும் கடிப்பதில்லை என்று ஒரு ஒழுங்கும் இருந்தது.

தவசியிடம் ஒரே ஒரு குறை. நிதானம். ஒரு பல்லை எடுத்தால் அதை முழுசாக முடிக்காமல் அடுத்த பல்லுக்குப் போகமாட்டான். வரிசை பாறையைச் சுற்றி வளைந்து போயிருக்கும். "உள்ள போனவர் குடித்தனமே பண்றாரு போல" என்று பின்னாலிருந்து முணுமுணுப்பு வரும். தவசி காதில் போட்டுக்கொள்ளமாட்டான்.

இந்த நிலைமையில்தான் சிங்காரம்மாள் வந்து சேர்ந்தாள்.

அவள் சிங்கமீன். கரையில் ஒரு கனவான் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில், தன் வீட்டுக்காரரோடு குடியிருந்தவள். தொட்டியிலிருந்த மற்ற மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கனவானுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் கொல்ல மனசு வரவில்லை. இரண்டையும் வாளியில் எடுத்துவந்து, "எங்கேயாவது போய் நல்லா இருங்க" என்று சொல்லிக் கடலில் விட்டுவிட்டார். அவர் சொன்ன சொல்லை அவர்கள் தட்டவில்லை.

சிவப்பும் வெள்ளையுமாக உடம்பெல்லாம் வரி. பக்கத் துடுப்புகளை விரித்தால் பந்தல் போட்ட மாதிரி இருக்கும். முதுகில் வரிசையாக நச்சு முட்கள். ஒரு சீலா மீன் அவளைக் கடித்துப் பார்க்கப் போய், முள் குத்தி, வாய் கோணிக்கொண்டு ரொம்ப நாள் அலைந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் அவளுக்கு மரியாதை கொடுத்தார்கள். அந்தக் கடலில் அவளைப் போல ஒருத்தியை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவள் தவசியின் பாறைக்கு அடுத்த பாறையடியில் துடுப்பை விரித்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அசையாமல் நின்றாள். வரிசையில் கால்கடுக்க நின்றிருந்த நவரை மீன் ஒன்று, மீனுக்கு ஏது கால், ஆனாலும் கடுத்தது, அந்தப் பந்தலைப் பார்த்தது. புதுக் கடை என்று நினைத்துப் போய் முன்னால் நின்றது. சிங்காரம்மாள் அதன்மேல் மெதுவாகத் தண்ணீரைப் பீய்ச்சினாள். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நவரை முகத்தைத் திருப்பியது. அவ்வளவுதான். தலை முதலில் போனதால் வால் சிக்கவில்லை.

பின்னால் நின்றவர்களுக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. நவரையின் முறை முடிந்துவிட்டது.

"பாத்தீங்களா, அந்தம்மா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிருச்சு" என்றது ஒரு மீன். வரிசையில் பாதி அங்கே நகர்ந்தது. மறுநாள் மீதியும் நகர்ந்தது.

தவசியின் பழைய வாடிக்கை வேதவல்லி. கிளிமீன்களில் சின்ன வகை. பேச்சிக்கு நெருங்கிய சிநேகிதி. அவளும் அந்த வரிசைக்குப் போனாள். "கோவிச்சுக்காதீங்கண்ணே. வீட்ல பிள்ளைங்க தனியா இருக்கு. அங்கே சீக்கிரம் விட்டுடறாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்புறம் அவள் பேச்சியோடு பேச வரவில்லை.

தவசிக்கு வயிறு காய ஆரம்பித்தது. சும்மா இருந்ததில் அவன் ஒன்றைக் கவனித்தான். அந்தப் பந்தலுக்குள் போகிறவர்கள் தெரிகிறார்கள். வெளியே வருகிறவர்கள் தெரியவில்லை. நேரில் போய்க் கேட்டான்.

"அக்கா, உங்ககிட்ட வந்தவங்கள்லாம் எந்த வழியா வெளியே போறாங்க?"

"பின்பக்கம் வழி இருக்கு தம்பி. கொஞ்சம் நேரமாகும்."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"நீங்க பல்லை மட்டும் பாக்கறீங்க. நான் ஆளையே முழுசாப் பாத்துடறேன்."

அவள் வயிறு பானை போல உப்பியிருந்தது.

தவசி நேராகக் காட்டுத் தலைவர் அம்பலகாரரிடம் போனான். அவர் பெரிய களவாய் மீன். நடந்ததைச் சொன்னான்.

"உள்ளே போனவங்க யாராவது புகார் சொன்னாங்களா?" என்றார் அம்பலகாரர்.

"எப்படிங்கய்யா சொல்லுவாங்க?"

"அப்போ புகார் இல்லை. இத பாரு தவசி. சுறா நம்மளைத் தின்னுது. எப்படித் தின்னுது? துரத்தித் தின்னுது. அஞ்சாலை விலாங்கு தின்னுது. பாய்ஞ்சு தின்னுது. அந்தம்மா இருந்த இடத்தை விட்டு அசையறதில்லை. தேடிப் போறது நம்ம ஆளுங்க. இதைத் தின்கிறதுன்னு சொன்னா கேக்கறவன் சிரிப்பான். தொழில்ல போட்டி வந்தா நீ வேகத்தைக் கூட்டணும்."

இதற்குள் சிங்காரம்மாள், வீட்டுக்காரர் புண்ணியத்தில், நாலைந்து நாளுக்கொரு தடவை முட்டையிட்டுக்கொண்டிருந்தாள். அவை கூழ் உருண்டைகளாக மிதந்து போயின. ஒரு மீனுக்கும் அதன் ருசி பிடிக்கவில்லை. போன இடத்தில் பொரிந்து, வளர்ந்து, பாறைக்குப் பாறை ஒரு வரிக்குட்டி துடுப்பை விரித்துக்கொண்டு நின்றது. "நம்ம பக்கமே கிளை திறந்துட்டாங்க" என்று சனங்கள் சந்தோஷப்பட்டார்கள்.

ஒருநாள் பேச்சி, "அவ எப்படித்தான் இவ்வளவு வேகமா முடிக்கறான்னு நானே போய்க் கத்துக்கிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டாள். தவசி சுதாரித்துப் பார்க்கும்போது அவள் வரிசையின் முன்னால் நின்றிருந்தாள். அவள்மேல் தண்ணீர் பட்டது. அவள் திரும்பினாள்.

தவசிக்குச் சண்டை போடத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஒரே தொழில். பாய்ந்து போய், பேச்சியை உரசித் தள்ளிவிட்டு, சிங்காரம்மாளின் திறந்த வாய்க்குள் புகுந்து, கீழ்த்தாடையின் முதல் பல்லைத் துலக்க ஆரம்பித்தான்.

பிறந்தது முதல் சிங்காரம்மாளின் பல்லை யாரும் தொட்டதில்லை. அவள் அப்படியே உறைந்துபோனாள். கண் செருகியது. "தம்பி, இடது பக்கம் கொஞ்சம்" என்றாள்.

இடது பக்கத்தில், பல்லிடுக்கில், ஒரு பச்சைச் செதில் மாட்டியிருந்தது. வேதவல்லியின் செதில். எத்தனையோ தடவை சுத்தம் செய்த உடம்பு, தவசிக்கு அடையாளம் தெரியாதா? அதைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து, வரிசைக்கு முன்னால் பிடித்துக் காட்டினான்.

"இது வேதவல்லி செதில். இவங்க யாருக்கும் பல் துலக்கலை. எல்லாரையும் முழுங்கிட்டு இருக்காங்க. வீட்டுக்குப் போங்க."

வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நல்லா ஓடிட்டிருந்த வரிசை. இவராலதான் இப்போ நின்னு போச்சு."

"அங்கேயும் இப்படித்தான் நிறுத்தினாரு. இங்கேயும் வந்துட்டாரு."

பின்னாலிருந்து தள்ளினார்கள். தவசிக்கு நேர் எதிரே நின்றது வேதவல்லியின் மூத்த பிள்ளை. "அம்மா முன்னாடியே உள்ள போயிட்டாங்க மாமா. வழி விடுங்க" என்றது.

தவசியின் வாயிலிருந்து செதில் நழுவியது. அவனை ஓரமாகத் தள்ளிவிட்டு வரிசை நகர்ந்தது. அன்று சாயங்காலம் அம்பலகாரர் தீர்ப்புச் சொன்னார். பொதுமக்கள் சேவைக்கு இடைஞ்சல் செய்ததால் தவசி இனிமேல் சொந்தமாகக் கடை நடத்தக்கூடாது.

சிங்காரம்மாள் ஆள் அனுப்பினாள். "கடையை மூடிட்டாங்களாமே. இங்கேயே வந்துடுங்க தம்பி. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. உங்க ரெண்டு பேர் மேலயும் நான் தண்ணி பீய்ச்சமாட்டேன்."

பேச்சி அன்று முழுக்க அழுதாள். மறுநாள் பசித்தது. இரண்டு பேரும் போனார்கள்.

நாளாக நாளாகக் காடு ஓய்ந்தது. பாசி தின்கிற மீன்கள் இல்லாததால் பவளமெல்லாம் பச்சையாகப் பாசி மூடிக் கிடந்தது. "காடு செழிச்சிருச்சு" என்றார் அம்பலகாரர். தவசியும் பேச்சியும் நன்றாகக் கொழுத்திருந்தார்கள். சிங்காரம்மாளுக்கு ஈரலே கொழுப்பாகிவிட்டது. ஆனால் பல் பளிச்சென்று இருந்தது.

ஒருநாள் வேறொரு கடற்பக்கத்திலிருந்து ஒரு குஞ்சுக் கூட்டம் வந்தது. வாயோரம் நின்றிருந்த தவசியைப் பார்த்து, முன்னால் வந்த ஒன்று, "அண்ணே, இங்க என்ன நடக்குது?" என்று கேட்டது.

தவசி பேச்சியைப் பார்த்தான். பேச்சி வேறு பக்கம் பார்த்தாள்.

"இந்தம்மா உங்களையெல்லாம் தின்னுருவாங்க" என்றான் தவசி.

குஞ்சுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தங்களுக்குள் ஏதோ பேசின.

"ரொம்ப நேரமாகுமாண்ணே?"

"ஆகாது" என்றான் தவசி.

அவை ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவன் திரும்பிப்போய், மேல்வரிசையில் பாதியில் விட்ட பல்லைத் துலக்கத் தொடங்கினான்.

நீதி: விழுங்குகிறவரின் பல்லைத் துலக்குகிறவன் நீண்ட நாள் வாழ்வான். மற்றவர்களுக்கான நீதி தீர்ந்துவிட்டது, வரிசையில் நிற்கவும்.