அஞ்சுக்கெத்தனை சாரும் சுண்ணாம்புக் குழியும்

“…பயமா இருந்தா பயம்னு சொல்லிடுங்க ஜெராக்ஸ். இதுல வெக்கம் என்ன. அதுக்கும் அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் இருக்கும்ல” என்றார் அஞ்சுக்கெத்தனை சார்.

உச்சி வெயில். கைவிட்டுப்போன ஒரு சுண்ணாம்புக்கல் குழியின் விளிம்பில் நாங்கள் இரண்டு பேர். எனக்குப் பல் கிட்டிக்கொண்டு வந்தது. சித்திரை மாதத்தில் அரியலூர் வெயிலில் பல் கிட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

அந்த மத்தியானத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

பிரம்மதேவனே கணக்கில் வைக்காத சங்கதிக்கெல்லாம் எண் போட்ட ஒரே மனுஷன் அவர்தான். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். எதிரில் என் ஜெராக்ஸ் கடை. டீ வாங்கிக் கொடுத்தால் நாம் ஒரு வாய் குடிப்பதற்குள், “அஞ்சுக்கு எத்தனை?” என்பார். மூணு என்றால் அவர் முகம் மலரும். அஞ்சு என்றால், “பொய் சொல்லாதீங்க” என்று கோபம் வரும். கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பாவிடம் போய், “சாம்பார் ரெண்டரைங்க, மத்தபடி திருப்தி” என்று சொல்லிவிட்டு மொய் எழுதியவர்.

ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், இறந்தவரின் மகனைத் தனியாக அழைத்து, “தப்பா எடுத்துக்காதீங்க, துக்கம் அஞ்சுக்கு எத்தனை இருக்கும்?” என்று கேட்டுவிட்டார். கூடப் போன எனக்கு அடி விழும் என்று கால் தயாராகிவிட்டது. அந்தப் பையனோ கொஞ்ச நேரம் யோசித்து, “நாலு சார். கடைசி வருசம் எனக்கும் அவருக்கும் பேச்சு இல்ல” என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கு அழுகையே வந்தது. சார் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதையும் சொல்லத்தானே வேண்டும்.

இப்படி ஆனதற்குக் காரணம் அவருடைய ஆராய்ச்சி. இயற்கை, சுற்றுச்சூழல் இதைப் பற்றியெல்லாம் பட்டப்படிப்புப் பிள்ளைகள் மனசுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்று அளப்பது. ஒரு தாளில் வாசகங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் போட வேண்டும். கொஞ்சமும் ஒப்பவில்லை என்றால் ஒன்று, முழுக்க ஒப்புகிறேன் என்றால் ஐந்து. ஆராய்ச்சிப் பட்டம் கிடைத்தால் ஜூனில் வேலை நிரந்தரம், கிடைக்காவிட்டால் ஜூனில் வீட்டுக்குப் போகலாம் என்று கல்லூரி நிர்வாகம் சொல்லிவிட்டது. நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாத மனுஷன். உடையார்பாளையம் பக்கம் ஒரு பெண் வீட்டாரும் அதே ஜூனுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

தாள்கள் நிரம்பி வந்தன. ‘மரம் என் தாயைப் போன்றது’ என்பதற்கு எல்லாப் பிள்ளைகளும் ஐந்து. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாசகம், ‘மனிதன் நினைத்தால் எல்லா மரத்தையும் வெட்டலாம்’. அதற்கும் எல்லாரும் ஐந்து.

என் கடை வாசலில், தாள் நிரப்பிய ஒரு கபடி வீரனை மடக்கினார்.

“ஏம்ப்பா, மரம் உங்கம்மாங்குற. அம்மாவ வெட்டவும் அஞ்சு போட்டிருக்க?”

“அஞ்சுதானே சார் ஃபுல் மார்க்கு? நீங்க வெயில்ல அலைஞ்சு ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டாந்திருக்கீங்க. கொறச்சுப் போட மனசு வரலங்க சார்.”

நம் பிள்ளைகளின் மரியாதை அப்படி. திருச்சியில் இருந்த அவருடைய ஆராய்ச்சி கைடு தாள்களைப் புரட்டிவிட்டு, “யோவ், இது இயற்கை மேல உள்ள பிரியம் இல்ல. உம்மேல உள்ள பிரியம். இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்றுதான் சாருக்கு அந்தக் குழி ஞாபகம் வந்தது. அரியலூர் போகும் டவுன் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் நடக்க வேண்டும். கல் எடுத்து முடித்து, மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கும் பள்ளம். வெள்ளைச் சுவரில் விரல் வைக்கும் இடமெல்லாம் கல்லாகிப்போன சிப்பி. ஒரு காலத்தில் கடல் இருந்த இடம். கடல் போய்விட்டது, சிப்பிகளை அழைத்துப் போகவில்லை. அங்கே காக்கை கத்திக்கூட நான் கேட்டதில்லை.

சாரின் புதுத் திட்டம் இது. தாளும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டிப்போய், கையில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து, குழியோரக் கல்லில் உட்காரவைப்பார். “பஸ் திரும்பி வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திரு. நான் ரோட்ல நிக்கிறேன்” என்பார். சொல்லிவிட்டு ரோட்டுக்குப் போகாமல் கருவேலம் புதருக்குள் புகுந்துகொண்டு, இயற்கையிடம் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பார்.

ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் தினமும் அவரைப் புதருக்குள் பார்த்திருக்கிறார். நாலாம் நாள் பொறுக்காமல் கேட்டேவிட்டார்.

“என்னா சார், வயிறு சரியில்லயா? தெனம் இங்கனயே குந்தியிருக்கீங்க. வூட்ல சொல்லி ஓமத்தண்ணி வச்சுக் குடிங்க.”

முதலில் போனது அந்தக் கபடி வீரன். திரும்பி வந்து என் கடையில் ஒரு குடம் தண்ணீர் குடித்தான்.

“பாட்டில்ல தண்ணி கொடுத்தாரேடா?”

“ஊத்திட்டேண்ணே. எதிர்க்கரையில ஒருத்தரு உக்காந்திருந்தாரு. நான் பாட்டில வாயில வைக்கிறப்பல்லாம் பாத்துக்கிட்டே இருந்தாரு. குடிக்க முடியல. கீழ ஊத்தினேன். அப்பறம் அவரு பாக்கல.”

புதருக்குள் இருந்த சாரைத்தான் பார்த்திருக்கிறான் என்று நான் சிரித்தேன். சார் சிரிக்கவில்லை. அவர் ஒளிந்திருந்தது இந்தக் கரையில், அவனுக்குப் பின்னால். எதிர்க்கரை முழுக்க அவர் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. அங்கே யாரும் இல்லை.

அடுத்துப் போனது அரும்பாவூர்ப் பெண் ஒருத்தி. கபடி வீரனோடு பேச்சுவார்த்தை இல்லாதவள். அவளும் பாட்டிலைக் காலியாகத்தான் கொண்டுவந்தாள். “பாவமா இருந்துச்சு சார். அவரு கேக்கல. ஆனா கேக்குற மாதிரியே இருந்துச்சு” என்றாள். அதற்கடுத்து ஒருவன், அதற்கடுத்து ஒருத்தி. எல்லாரும் ஒரே மாதிரிதான். உட்காருவார்கள், எதிரே பார்ப்பார்கள், எழுந்து நின்று தண்ணீரை ஊற்றுவார்கள். புதருக்குள் இருந்து சார் பார்த்ததெல்லாம் ஊற்றும் கைகளை மட்டும்தான்.

ஆட்டுக்கார அம்மாவைக் கேட்டோம்.

“நாங்களும் குடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஊத்துவோம்ங்க.”

“ஏன்?”

“ஏன்னா… ஊத்திட்டா சும்மா இருக்கும். ஊத்தலன்னா நம்மள பாத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கும்.” அவ்வளவுதான் சொல்லிவிட்டு ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சார் டீயை ஆறவிட்டார். எண் கேட்கவில்லை.

“ஊர்ல எல்லாருக்கும் தெரியுது. எனக்கு மட்டும் ஏன் தெரியல ஜெராக்ஸ்?”

“தெரியாதது நல்லதுதானே சார்” என்றேன். அவருக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

கைடு அந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். “பசங்க சேந்து உன்ன கேலி பண்ணியிருக்காங்க. ‘மாணவர்கள் பேசி வைத்துக்கொண்டு பொய் சொன்னார்கள்’னு ஆராய்ச்சியில ஒரு வரி எழுதிக் கொண்டா. மத்தத நான் பாத்துக்குறேன். ஜூன்ல நீ மாப்பிள்ளை.”

ஒரே ஒரு வரி. நானாக இருந்தால் கடையிலேயே டைப் அடித்து, அட்டையும் போட்டு, திருச்சி பஸ்ஸில் ஏறியிருப்பேன். சார் மட்டும், “நான் அந்தக் கல்லுல ஒரு தடவகூட உக்காரல. உக்காராம அவங்க பொய் சொன்னாங்கன்னு எப்படி எழுதுறது?” என்றார்.

அந்த வரியை அவர் எழுதவே இல்லை. ஜூனில் வேலை போயிற்று. உடையார்பாளையத்துப் பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிந்தது. சார் ஜெயங்கொண்டத்துக்குப் போய் டியூஷன் சென்டர் வைத்தார். போன வருஷம் பார்த்தபோது என் தொப்பைக்கு நாலரை கொடுத்தார். ஏன் எழுதவில்லை என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கிறுக்கு என்பதுதான் அதில் மரியாதையான பதில். உண்மை எனக்கு மட்டும் தெரியும். துணைக்கு வாங்க என்று அவர் கூப்பிட்டு, கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நான் போயிருந்தேன்.

அந்த மத்தியானம் சார் பிள்ளைகள் உட்கார்ந்த கல்லில் உட்கார்ந்தார். மடியில் தண்ணீர் பாட்டில். நான் பின்னால் நின்றேன். எங்கேயோ கேட்டுக்கொண்டிருந்த ஆட்டு மணி நின்றுபோயிற்று. பச்சைத் தண்ணீர் அசையவில்லை. சுவரில் இருந்த சிப்பிகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுபோல எனக்குத் தோன்றியது. என் செருப்பின் இடது வாரில் தையல் விட்டிருந்தது. அதை அவ்வளவு அக்கறையாக அன்றுதான் பார்த்தேன்.

சார் எழுந்து விளிம்புக்கு வந்தார். என்னையும் பக்கத்தில் கூப்பிட்டார். அப்போதுதான் பயத்துக்கும் ஒரு நம்பர் இருக்கும் என்றார்.

“அஞ்சு சார். ஆறு இருந்தா ஆறு” என்றேன் செருப்பிடம்.

சார், பஸ் ஸ்டாண்டில் யாரையோ பார்த்துவிட்டுச் சொல்வதுபோல, தாழ்ந்த குரலில், “ரொம்ப காலமா உக்காந்திருக்காரு போலருக்கு” என்றார்.

நான் நிமிரவில்லை. மூடி திருகும் சத்தம் கேட்டது. என் செருப்புக்குப் பக்கத்தில் வெள்ளை மண்ணில் தண்ணீர் நிதானமாக விழுந்தது. விழுந்த இடத்தை ஈரமாக்காமலே உள்ளே போயிற்று. பாதி பாட்டிலில் நிறுத்தினார். தான் ஒரு வாய்கூடக் குடிக்காமல், பாட்டில் வாயைத் தன் சட்டையில் துடைத்து, மீதித் தண்ணீரை என் கையில் கொடுத்தார்.