பெண் கேட்கப் போன இடத்தில் உப்புக் கோப்பி

பார்க் எக்ஸ்டென்ஷன்,
மொன்றியால்.
18 ஐப்பசி 2004, திங்கள்.

என் மதிப்புக்குரிய மூத்த அண்ணை யோசெப் அவர்களுக்கு,

கடைசித் தம்பி அருமைநாதன் தாழ்மையோடு எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அக்னெசும் மகன் டனிஸ்ரனும் இங்கே உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் உங்களுக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை. பேசாலையில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்கவும், கடல் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் இருக்கவும் மாதாவை மன்றாடுகிறேன். நான் இன்று வேலைக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று தொழிற்சாலைக்குச் சொல்லியிருக்கிறேன். வயிறும் சரியில்லைத்தான், ஆனால் அதைவிட மனம் சரியில்லை.

டனிஸ்ரன் ஒரு பிள்ளையை விரும்புகிறான் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். எந்த இடத்துப் பிள்ளை என்று எழுதவில்லை, எழுதப் பயந்துவிட்டேன். அவள் துருக்கிப் பிள்ளை, பெயர் இபெக். தகப்பன் நெஜாத்தி மொன்றியால்-நோர் பக்கம் ஒரு துருக்கிச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார், தாய் செவிம் அங்கே சமைக்கிறா. முஸ்லிம் ஆட்கள். அதைக் கேட்டவுடன் நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். அண்ணை, மன்னாரில் முஸ்லிம் ஆட்களுக்கு நடுவில்தானே வளர்ந்தோம், நோன்புக் கஞ்சிக்கு நீங்களும் நானும் சட்டி கொண்டு போகவில்லையா. ஆனால் அவர்களோடு தமிழில் கதைக்கலாம். இவர்களோடு எதில் கதைப்பது? செவிமுக்குத் துருக்கிப் பாஷை மட்டும்தான். நெஜாத்தி பிரெஞ்சு நன்றாகப் பேசுகிறார். பெட்டித் தொழிற்சாலையில் இத்தனை வருடமாக நான் பிடித்த பிரெஞ்சு என்னவென்றால் பொன்ஜூர், மேர்சி, கெதியாகச் செய், பெட்டியை அங்கே வை, இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரிடம் எப்படிப் பெண் கேட்பது? ஆனால் கேட்கத்தான் வேண்டுமாம். போன கிழமை மகன் சொன்னான், "அப்பா, அவையின்ர முறைப்படி மாப்பிள்ளை வீட்டார்தான் போய்க் கேக்க வேணும். நீங்கள்தான் வாய் திறந்து கேக்க வேணும்" என்று. "நீ பிரெஞ்சில படிச்சனி, நீயே கேளன்" என்றேன். "மாப்பிள்ளை கேக்கிறேல்லை அப்பா. நான் வாயே திறக்கக் கூடாது" என்றான். நான் ஒரு கிழமையாக வேலைத்தலத்தில் பெட்டிகளைப் பார்த்துப் பெண் கேட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்து மெஷினில் நிற்கிற ஹெயிட்டிக்காரர் எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று தூரப் போய் நின்றார்.

நேற்று ஞாயிறு பூசை முடிந்து, பூச்செண்டும் சொக்லேற்றும் வாங்கிக்கொண்டு போனோம். காருக்குள் வைத்து மகன் ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னான்: "வைக்கிறதை வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ அப்பா, மனம் நோவினம்." அந்த ஒரு வசனம்தான் என்னை இந்தக் கட்டிலில் கொண்டுவந்து போட்டது. எங்களுக்காகக் கடையைப் பூட்டி, நடுவில் நீள மேசை போட்டிருந்தார்கள். வாசலில் கால் வைத்ததுமே பயம் பிடித்தது. சுவர் முழுக்க நீலக் கண்கள், கண்ணாடியில் செய்த வட்டக் கண்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் என்னையே பார்த்தன. "உது நாவூறுக்குக் கட்டுறது" என்று மகன் காதுக்குள் சொன்னான். யாருடைய கண் படும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பிள்ளை இபெக் முன்னுக்கு வந்து, என் வலக்கையைப் பிடித்துக் குனிந்து உதட்டால் கொஞ்சி, அதைத் தன் நெற்றியில் வைத்தாள். அண்ணை, எங்கள் ஊரில் ஆயர் வந்தால்தான் கையைக் கொஞ்சுவோம். என் கையை ஒருவரும் கொஞ்சியதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், ஆயர் செய்வதைப் போலவே அவள் தலைக்கு மேலே சிலுவை அடையாளம் போடத் தொடங்கிவிட்டேன். பாதியில் அக்னெஸ் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். நெஜாத்தி அதைப் பார்த்தாரா இல்லையா என்று இந்த நிமிடம் வரைக்கும் தெரியாது. அவருக்குப் பெரிய மீசை, அதற்குள்ளே முகம் என்ன சொல்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

இருந்தவுடன் செவிம் ஒரு போத்தலைக் கொண்டுவந்து எங்கள் உள்ளங்கைகளில் ஏதோ ஊற்றினா. எலுமிச்சை மணம் அடித்தது. குடிப்பதா, தலையில் தடவுவதா என்று தெரியவில்லை. அக்னெஸ் கையைத் தேய்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். எனக்கோ பதற்றம், முகத்தைக் கழுவிவிட்டேன். அது கொலோன் என்ற வாசனைத் தண்ணீர், கண்ணுக்குள் போய்த் தீயாக எரிந்தது. கண்ணீர் தாரை தாரையாக ஓடுவதைப் பார்த்த செவிம், மகனைக் கட்டிக்கொடுக்கப் போகிற துக்கத்தில் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தானும் அழத் தொடங்கினா. அதைப் பார்த்து அக்னெசும் அழுதாள். இப்படி ஒரு சொல் பேசுவதற்கு முன்பே பாதி மேசை அழுதுவிட்டது.

பிறகு சாப்பாடு வந்தது. சின்னச் சின்னத் தட்டுகள். சுட்ட கத்தரிக்காய் மசியல், தயிரும் உள்ளியும் சேர்த்தது, கடலை மசியல், வெள்ளைச் சீஸ், திராட்சை இலையில் சுருட்டிய சோறு, சுடச்சுட ரொட்டி. நல்ல ருசி, அதை மறைக்கக் கூடாது. இதுதான் முழுச் சாப்பாடு என்று நினைத்து, மகன் சொன்னபடி ஒரு தட்டையும் விடாமல் துடைத்துச் சாப்பிட்டேன். இபெக் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனபோது கர்த்தருக்குத் தோத்திரம் சொன்னேன். அப்போதுதான் பருப்புச் சூப் வந்தது. அதற்குப் பிறகு இறைச்சி வைத்த மிளகாய். அதற்குப் பிறகு ஆட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நெருப்பில் வாட்டித் தட்டத்தில் வைத்து நெஜாத்தியே தூக்கிக்கொண்டு வந்தார். தட்டை வழித்துத் துடைத்தால்தான் மரியாதை என்று நான் நினைத்தேன், தட்டு வெறுமையானால் விருந்தாளிக்குப் பசி என்று அவர் நினைத்தார். இரண்டு பேரும் மரியாதை தெரிந்த ஆட்கள் என்பதால் நான் சாகப் பார்த்தேன். நான் முடிக்க முடிக்க அவர் வைத்தார். பக்கத்தில் இருந்த அக்னெஸ் பாதித் தட்டை அப்படியே விட்டுவிட்டு, பாஷையே இல்லாமல் செவிமோடு திராட்சை இலை சுருட்டுவது எப்படி என்று விரலால் கதைத்துக்கொண்டிருந்தாள். அவளை ஒருவரும் வற்புறுத்தவில்லை. "இஞ்சேருங்கோ, காணும் எண்டு சொல்லுங்கோவன்" என்றாள். காணும், போதும் என்பதற்குப் பிரெஞ்சில் என்ன என்று எனக்குத் தெரியாது. தொழிற்சாலையில் அந்தச் சொல்லை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சாப்பாடு முடிந்து தேநீர். இடுப்புச் சிறுத்த கண்ணாடிக் குவளையில், பால் இல்லாத சிவப்புத் தேநீர். அதுவும் அப்படித்தான், குவளை காலியானதும் நிறைந்துவிடும். எனக்கு வியர்த்துக் கொட்டியது. மூச்சு நெஞ்சில் நின்றது. இந்த மேசையிலேயே கண்ணை மூடிவிட்டால் குருவானவரைக் கூப்பிடுவதற்குக் கூட இவர்களுக்கு விலாசம் தெரியாதே என்று யோசித்தேன். அந்த நேரத்தில் இபெக் எனக்குப் பின்னால் வந்து, ஒருவருக்கும் தெரியாமல் என் சின்னக் கரண்டியை எடுத்துக் குவளைக்குக் குறுக்கே வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒருவரும் ஊற்றவில்லை. கரண்டியைக் குறுக்கே வைத்தால் போதும் என்று அர்த்தமாம். என் முகத்தைப் பார்த்து அவள் ஒருத்திதான் கண்டுபிடித்தாள், நான் பெற்ற மகன் கண்டுபிடிக்கவில்லை. இதையும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

இனித்தான் பெரிய விஷயம். பெண் கேட்பதற்கு முன் பெண் பிள்ளை கோப்பி கொண்டுவர வேண்டும். இபெக் சின்னக் கோப்பைகளில் கொண்டுவந்து கொடுத்தாள். மகன் ஒரு வாய் குடித்தான். குடித்தவுடன் அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். கண் பிதுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டு மறுபடியும் வாயில் வைக்கிறான். மேசையில் இருந்த எல்லாரும் அவனையே பார்க்கிறார்கள், சுவரில் இருந்த கண்களும் பார்க்கின்றன. அண்ணை, எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. பிள்ளைக்கு எதையோ கொடுத்துவிட்டார்கள் என்றுதான் பட்டது. எழும்பி, அவன் கையில் இருந்த கோப்பையைப் பறித்து, அவன் தடுப்பதற்குள் முழுவதையும் ஒரே மூச்சில் நான் குடித்துவிட்டேன். அடியில் கிடந்த மண்டியும் போய்விட்டது. உப்பு. கடல் தண்ணீர்கூட அப்படி இருக்காது.

மகன் தலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னான், "அப்பா, அது முறை. பெண் உப்புப் போட்டுத் தருவா, மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் குடிக்க வேணும். குடிச்சால்தான் பொறுமைசாலி எண்டு அர்த்தம். நீங்கள் ஏன் குடிச்சனீங்கள்?" இந்த வெட்கத்திலிருந்து தப்புவதற்கு ஒரே வழி பெண்ணைக் கேட்டு முடிப்பதுதான் என்று நினைத்து, நின்ற நிலையிலேயே, பாடமாக்கின வசனத்தைச் சத்தமாகச் சொன்னேன். பிரெஞ்சில் மகளுக்கு 'ஃபீய்' என்ற சொல், மனைவிக்கு 'ஃபாம்' என்ற சொல். நாக்கு உப்பில் விறைத்துப் போயிருந்தது. உங்கள் மனைவியை எங்கள் வீட்டுக்குத் தாருங்கள் என்று கேட்டுவிட்டேன்.

நெஜாத்தி மெல்லத் திரும்பி அதைத் துருக்கிப் பாஷையில் செவிமுக்குச் சொன்னார். செவிம் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு ஏதோ சொன்னா. அவர் எனக்கு நிதானமாகச் சொன்னதை மகன் மொழிபெயர்த்தான்: "அவ யோசிக்க வேணுமாம்." எல்லாரும் சிரித்தார்கள். அக்னெஸ் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மகளைத் தருகிறேன், மனைவியைத் தரமாட்டேன் என்று நெஜாத்தி என்னைக் கட்டிப்பிடித்தார். நானும் சிரித்தேன்.

அண்ணை, பகிடியை விடுங்கள். எனக்கு உண்மையிலே பயமாயிருக்கிறது. இவன் ஒருத்தன்தான் எங்களுக்கு. அவன் அந்த மேசையில் மூன்று பாஷையில் மாறி மாறிக் கதைக்கிறான், நான் பெட்டியைப் போல இருக்கிறேன். நாளைக்குப் பேரப்பிள்ளை பிறந்தால் அது எந்தப் பாஷையில் என்னைக் கூப்பிடும், நான் எதில் பதில் சொல்வேன்? பெண் கோயிலுக்கு வருவாளா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் உண்டா என்று கேட்டால் "பேந்து கதைப்பம் அப்பா" என்று தள்ளிப்போடுகிறான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர்கள் வீட்டுச் சாப்பாடு இன்னும் வயிற்றில் இருக்கிறது. ஆகவே குடும்பத்துக்கு மூத்தவர் என்ற முறையில் நீங்கள் கடுமையாக மறுத்து ஒரு கடிதம் எழுதுங்கள். இந்தச் சம்பந்தம் வேண்டாம், எனக்கு விருப்பமில்லை என்று எழுதுங்கள். அதை நான் மகனுக்கு வாசித்துக் காட்டுகிறேன். பெரியப்பாவின் சொல்லை அவன் தட்டமாட்டான். நான் எழுதச் சொன்னதாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் மூட்டு வலிக்குத் தைலம் தனியாக அனுப்புகிறேன். ஆண்டவர் உங்கள் வலைக்கும் வாசலுக்கும் காவலாக இருப்பாராக.

உங்கள் பாதம் மறவாத தம்பி,
அருமைநாதன்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகிற நேரத்தில் கதவு தட்டினார்கள். திறந்தால் நெஜாத்தி, தனியே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. மகன் வீட்டில் இல்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தினேன். தொப்பியை மேசையில் வைத்துவிட்டு, "ஜே பேர்" என்றார். அந்தப் பிரெஞ்சுச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும், எனக்குப் பயமாயிருக்கிறது என்று அர்த்தம். மெஷினுக்குள் கையை விடச் சொன்ன முதல் நாளே அதைப் படித்துவிட்டேன். கையாலும் முகத்தாலும் எனக்கு விளங்குகிற சின்னச் சின்னப் பிரெஞ்சுச் சொல்லாலும் மிச்சத்தைச் சொன்னார். ஒரே மகளாம், அவளும் போனால் வீட்டில் துருக்கிப் பாஷையில் சண்டை பிடிக்கச் செவிமை விட்டால் வேறு ஆள் இல்லையாம். நேற்று முழுக்கத் தான் சிரித்தது விருந்தாளிக்காகவாம். நான் கோப்பையைப் பறித்த வேகத்தைப் பார்த்து, மகள் பொல்லாத மாமனாரிடம் போய் மாட்டப் போகிறாள் என்று நித்திரை கொள்ளவில்லையாம். ஆகவே துருக்கியில், பூர்சாவில் இருக்கிற தன் தமையனுக்குத் தொலைபேசி எடுத்து, நீ மூத்தவன், நீ வேண்டாம் என்று சொல்லு என்று கெஞ்சினாராம். தமையனோ சந்தோஷத்தில் கத்தி, கலியாணத்துக்கு விமானச் சீட்டே எடுத்துவிட்டாராம். அக்னெஸ் புட்டும் மீன் குழம்பும் வைத்தாள். அவருக்கு உறைப்புத் தாங்கவில்லை, கண்ணால் தண்ணீர் ஓடியது. ஆனால் வேண்டாம் என்று சொல்லப் பயந்து முழுவதையும் சாப்பிட்டார். நான் அவருக்கு இரண்டாம் தரம் வைக்கவில்லை.

இவ்வளவையும் கிழித்துப் புதிதாக எழுதக் கையில் பலம் இல்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். மேலே எழுதியதை நீங்கள் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுத்து எழுத வேண்டாம். கலியாணம் சித்திரையில், விசாவுக்கு இன்றே ஓடித் திரியுங்கள். அவருடைய தமையன் அவரைவிட உயரமாம், மீசையும் பெரிதாம். அந்த மனிதருக்கு முன்னால் நான் தனியே இருக்கமாட்டேன் அண்ணை, நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.