நூற்றுக்கு எத்தனை தேறும்

பல்லடம்
21.6.1998

மதிப்பிற்குரிய கோபி அத்தைக்கு,

இல்லைங்க அத்தை, சூதாட்டம் இல்லை. அப்பா போனில் அப்படிச் சொல்லியிருந்தால் அது அவருக்குப் புரிந்த அளவு. கம்ப்யூட்டரில் விளையாடுகிறார்கள் அல்லவா, அந்த விளையாட்டை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்கிறார். அந்த ஒருவராக ஆக வேண்டும் எனக்கு. அவ்வளவுதான்.

நலம். நீங்களும் மாமாவும் நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

நீங்கள் அனுப்பிய மாப்பிள்ளை ஜாதகம் டிவி மேல் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. ஆனி முடிவதற்குள் நம் கைக்கு அடங்குகிற ஃபீஸில் ஓர் இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் ஜாதகம் என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் போன வாரம் இருவரும் கல்லூரி பார்க்கப் போனோம். பதினெட்டு வருடமாகப் பண்ணைக்குக் கோழிக்குஞ்சு வாங்குகிறவர் கல்லூரியை எப்படிப் பார்ப்பார் என்று நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

முதலில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரி. பெரிய கட்டிடம். விளையாட்டு செய்யச் சொல்லித்தருவீர்களா என்று நான் கேட்டேன். "லேப்ல விளையாண்டா ஃபைனுங்க," என்றார் ஆபீஸ்காரர். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க, வருசத்துக்கு எத்தனை புள்ளைங்க சேருதுங்க?"

"அறுவதுங்க."

"அதுல எத்தனை தேறும்?"

"நூத்துக்கு நூறுங்க."

அப்பா எழுந்துவிட்டார். வெளியே வந்து சொன்னார்: "நூத்துக்கு நூறு தேறுற குஞ்சு எந்த ஊர்லயும் இல்ல கண்ணு. இப்பவே பொய் சொல்றான். வா போலாம்."

அடுத்தது துடியலூர். உரக்கடைக்கு மேல் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே ஏசி, ஏசிக்குக் கீழே வெல்வெட் துணி போர்த்திய மூன்று கம்ப்யூட்டர். நடத்துகிறவர் பெயர் சீனிவாசலு. அவரிடமும் அதே கேள்வி. அவர் விரல் விட்டு எண்ணினார். "போன வருசம் இருவது பேருங்க. பதிமூணு பேரு பாதில நின்னுட்டாங்க. மூணு பேரு கல்யாணம் ஆயிப் போயிட்டாங்க. நாலு பேரு தேறுனாங்க."

அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "நின்னதெல்லாம் எந்த மாசத்துலீங்க?"

"பெரும்பாலும் மே மாசங்க."

"அதான பாத்தேன். குஞ்சுக்கே மே மாசம் தாங்காது." பிறகு ஏசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது தாங்கும்," என்றார். அட்வான்ஸ் கட்டிவிட்டார்.

எனக்கு அங்கே பிடித்தது வேறு. மனோஜ்குமார் என்று ஓர் ஆசிரியர். தானே ஒரு விளையாட்டு செய்து வைத்திருந்தார். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு லாரி போகிறது. நடுவில் ஆடு. ஆடு எதற்கு அங்கே நிற்கிறது என்று கேட்டேன். "நிக்கலீன்னா விளையாட்டே இல்லீங்களே," என்றார். காந்திபுரத்தில் பஸ் மாறி ஊர் வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இப்படி ஒருவரிடம் படிக்கத்தான் அத்தை. அதனால் மாப்பிள்ளை வீட்டாருக்கு, படிப்பு முடிய மூன்று வருடம் ஆகும் என்று சொல்லிவிடுங்க. முடியாது என்றால் அதுவும் நல்லதுதான்.

மாமாவுக்கு வணக்கம். தங்கள் காலில் விழுகிறேன், தபாலில்.

அன்புடன்,
லோகப்பிரியா

பி.கு. (26.6.1998): கவரை ஒட்டுவதற்குள் துடியலூரிலிருந்து போன் வந்தது. மனோஜ்குமாருக்கு பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம். ஆசிரியரைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். "தீனி போட ஆளில்லாத பண்ணைல எவனாச்சும் குஞ்சு விடுவானா?" என்று கேட்டு அப்பா ஜாதகத்தைப் பிரித்துவிட்டார். நான் சொல்லாமல் துடியலூர் போனேன். "சொல்லித்தர ஆளில்லீங்க அம்மணி. கம்ப்யூட்டர் இருக்குது, அவரு விட்டுட்டுப் போன புஸ்தகம் இருக்குது. பாதி ஃபீஸ் குடுத்தாப் போதும்," என்றார் சீனிவாசலு. திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன். "பாதியா?" என்றார். பிறகு, "தை வரைக்கும் பாரு. அதுக்குள்ள அந்தப் பொட்டீல நீ செஞ்சது ஏதாச்சும் ஒண்ணு அசையோணும். அசையலீன்னா கோபிக்கு உங்க அத்தைக்குப் போன் போட்டுச் சரின்னு சொல்லிருவேன்."

மூன்று வருடம் என்பதை ஏழு மாதம் என்று மாற்றிக்கொள்ளுங்க அத்தை.

இன்று காலை ஆறு நாற்பது பஸ்ஸில் துடியலூர் போனேன். அறையில் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் மேலிருந்த வெல்வெட் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்ததை அப்படியே தட்டத் தொடங்கினேன்.