நைனாவுக்கு மாட்ட வேண்டிய கண்ணாடி

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதாங்க. எங்க நைனாவ, அதாங்க எங்க அப்பாவ, அரக்கோணம் ரோட்டுல இருக்கிற பிசியோதெரபி சென்டருக்குக் கூட்டிக்கினு போய், ஒரு கண்ணாடிய மாட்டி விடணும். அவ்ளோதான்!

நைனாவுக்கு பார்க்கின்சன் வந்து மூணு வருஷம் ஆவுது. கை நடுங்கறதுகூட பரவால்ல. நடக்கச் சொன்னா கால் தரையில ஒட்டிக்குது. குரல் வேற உள்ள போயிடுச்சு. திருவாலங்காட்டுல வரப்பு மேல நின்னு அவரு கத்துனா பக்கத்து ஊரு மாடு திரும்பிப் பாக்கும். இப்ப தண்ணி கேட்டாகூட என் காதுல விழ மாட்டேங்குது. அந்தக் குரல இன்னொரு தடவ கேட்டா போதும்னு இருக்கு எனக்கு.

சென்டர்ல பயிற்சி குடுக்கற ஷபானா மேடம் விவரம் சொன்னாங்க.

"இது வி.ஆர். கண்ணாடிங்க. மாட்டினா உள்ள காய்கறி மார்க்கெட் தெரியும். கடைக்காரரு பேச்சு குடுப்பாரு. அய்யா சத்தமா பதில் சொல்லிக்கினே நடந்து போயி காய் எடுக்கணும். குரலுக்கும் பயிற்சி, காலுக்கும் பயிற்சி."

நைனா தலைய ஆட்டினாரு. வேணாமாம்!

விடுவனா நான்? "இதுல என்னா பயம் நைனா? இரு, நான் மாட்டிக் காட்றேன்!"

மாட்டினேன். அடேங்கப்பா, நிஜ மார்க்கெட்டு! நான் பாக்கறதெல்லாம் ரூம்ல இருக்கிற டிவியில அவங்களுக்கும் தெரியுமாம்.

மீசைக்காரர் ஒருத்தர் கடையில இருந்து கேட்டாரு. "வாங்க, என்ன காய் வேணும்?"

"கத்திரிக்கா!"ன்னு கத்துனேன்.

"பாத்து எடுத்துக்கோங்க."

நான் காய் வாங்கற லட்சணம் எங்க தெருவுக்கே தெரியும். கைக்கு வந்தத அள்ளினேன்.

"டேய்! அது சொத்தடா!"

அசந்துட்டேன். தன் கடைக் காயையே சொத்தன்னு சொல்றானே, என்னா நேர்மை! வேற ஒண்ணு எடுத்தேன்.

"அது முத்தல்டா! விதைக்கு விட்டது! கண்ண எங்க வெச்சிகினு இருக்க?"

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "யோவ், விக்க வந்தா விக்கற வேலையப் பாருய்யா! வாடா போடான்ற?"

பொடேர்னு மண்டையில ஒரு அடி!

"மேடம், இது அடிக்கவும் செய்யுது!"ன்னு அலறிக்கினே கண்ணாடியக் கழட்டினேன்.

எதிர்ல நைனா.

அவரு உக்காந்திருந்த நாற்காலி அந்தக் கோடியில காலியா கெடக்கு. யாரும் கையப் பிடிக்கல. அவரே எழுந்து, ரூமத் தாண்டி நடந்து வந்திருக்காரு!

"நாப்பது வருஷம் கத்திரி போட்டவன் புள்ள, சொத்தைய அள்றான் பாரு! மானம் போவுது!"

வெளிய உக்காந்திருந்தவங்கல்லாம் எட்டிப் பாத்தாங்க. அந்தக் குரலக் கேட்டு எவ்ளோ நாளாச்சுன்னா, பெத்த அப்பன் குரல் எனக்கே அடையாளம் தெரியல. சிரிப்பும் வந்துச்சு, கண்ணும் கலங்கிடுச்சு.

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "அய்யா, இதே சத்தத்துல கண்ணாடி மாட்டிக்கினு பேசறீங்களா?"

"எனக்கு எதுக்கும்மா? எனக்குக் காய் பாக்கத் தெரியும். இவனுக்கு மாட்டு!"

 மேடம் நைனா ஃபைல எடுத்து எழுதினாங்க: "வாரம் மூணு நாள். கண்ணாடியை மகனுக்கு மாட்டவும்."