பதினாலாம் நம்பர் வரிசை

"வரிசைக்குப் பின்னாடி போங்க மேவிஸ்."

"நான்தான்டா வரிசை!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. டிக்கெட் இருக்கா?"

"பஸ்ஸுல ஏறினப்புறம்தானே டிக்கெட்டு?"

"பஸ் எல்லாம் இப்போ மேட்டுத் தெருவுல. இது 'நிற்குமிடம்'. அடுத்த காட்சி ரெண்டு இருபதுக்கு."

"இங்க பாரு நைஜல், உன் கல்யாணத்துக்கு மூணு அடுக்கு கேக் செஞ்சு குடுத்தவ நான். கயித்த அவுத்து விடு."

"கேக் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கயித்துக்கும் கேக்குக்கும் சம்பந்தமில்லையே."

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, நம் ஆல்டன்ஃபோர்ட் நகரின் செயின்ட் ஆஸ்வின் கல்லூரி வாசலில் நடந்த சண்டை இது. ஒரு பக்கம் எழுபத்தாறு வயது மேவிஸ் டட்டன். மறு பக்கம் சிவப்புக் கயிறும் தன்னார்வலர் பட்டையுமாக, பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நைஜல். சுற்றுலா வழிகாட்டியான நான் பச்சைக் குடையைத் தூக்கிப் பிடித்தபடி இருபத்திரண்டு சுற்றுலாப் பயணிகளுடன் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். தலையிடவில்லை. நம் ஊரில் அதற்குப் பெயர் நாகரிகம்.

உலகத்துக்கு இங்கிலாந்து கொடுத்த மிகப் பெரிய கொடை நாடாளுமன்றமும் அல்ல, நீராவி எஞ்சினும் அல்ல. வரிசை. மற்ற நாட்டுக்காரர்கள் ஏதாவது வேண்டும் என்பதற்காக வரிசையில் நிற்கிறார்கள். நாம் மட்டும்தான் வரிசை இருக்கிறது என்பதற்காக நிற்கிறோம். இந்த உயர்ந்த பண்பு நம் நகரின் சுற்றுலாவை எந்த உச்சிக்குக் கொண்டுபோய்விட்டது என்பதைப் பெருமையோடு சொல்லவே இந்தப் பதிவு.

கல்லூரி வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய பிஷப் ஒருவர் இருக்கிறார். வயது அறுநூறு. மூக்கு கிடையாது. அவருக்கு நேர் கீழே பஸ் நிறுத்தக் கம்பம் இருந்தது. யார் எந்தக் கோணத்தில் படம் எடுத்தாலும், கம்பத்தின் உச்சியில் இருந்த '14' என்ற வட்டத் தகடு பிஷப்பின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். "பிஷப் அருமை. நம்பர் எதற்கு?" என்று ஒரு பயணி இணையத்தில் எழுதிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். நகரின் 'பாரம்பரியக் காட்சித் தூய்மைக் குழு' அவசரமாகக் கூடியது. தலைவர் பெனலபி ஃபேர்க்ளஃப் அம்மையார். உறுப்பினர்கள் ஐந்து பேர், பிஸ்கட் இரண்டு வகை.

"அந்த இடத்துல எத்தனை பேரு பஸ் ஏறுறாங்க?" என்றார் பெனலபி.

"மூணு பேரு. அதுல ரெண்டு பேரு போன குளிர்காலத்துல தவறிட்டாங்க."

"மிச்சம்?"

"மேவிஸ் டட்டன்."

"அட, மேவிஸா! தங்கமான மனுஷி. புரிஞ்சுக்குவாங்க."

நம் ஊரில் ஒருவரைத் 'தங்கமான மனுஷி' என்று சொன்னால், அவரிடமிருந்து எதையோ எடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். கம்பம் மேட்டுத் தெரு உச்சிக்குப் போனது. அரை மைல் தூரம், முழுக்க ஏற்றம். மேவிஸின் இடது முழங்கால் ஆபரேஷனில் வைத்த எஃகு, ஏற்றம் ஏறாது.

மேவிஸின் கணவர் ஸ்டான், ஏழு மைல் தள்ளி வில்லோ முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பக்கவாதம். நாற்பது வருடம் தபால் சுமந்த மனிதர், இப்போது யாராவது சவரக்கத்தியோடு பக்கத்தில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மேவிஸ் போட்டால்தான் நுரை, மேவிஸ் பிடித்தால்தான் கத்தி. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு, சாப்பிட்டதும் தூங்கிவிடுவார். ஆகவே செவ்வாயும் வெள்ளியும் பத்து நாற்பது பஸ்ஸைப் பிடித்தே ஆகவேண்டும். அடுத்த வண்டி ஒன்றேகாலுக்கு. டாக்ஸியில் போகலாம்தான், வாரம் இரண்டு முறை போக அவருடைய பென்ஷன் இடம் கொடுக்காது.

நல்லவேளையாக, பதினாலாம் நம்பர் ஓட்டுநர் ஜஸ்விந்தருக்குப் பாரம்பரியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"நீங்க அதே எடத்துல நில்லுங்க மேவிஸ். கம்பம் போனா என்ன? உங்களப் பாத்து நிறுத்துறேன்."

"உன் வேலைக்கு ஒண்ணும் வந்துடாதே கண்ணு?"

"நீங்க கம்பத்த விட அழகா இருக்கீங்க, போங்க."

இப்படி இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது வாரம், கையில் சவரப் பையோடு வெறும் சுவரைப் பார்த்து நின்றிருந்த மேவிஸின் பின்னால், லெஸ்டரிலிருந்து வந்த மழைக்கோட்டுத் தம்பதி வந்து நின்றார்கள்.

"எதுக்கு இந்த வரிசை?" என்றார் கணவர், மெதுவாக.

"தெரியல. கேட்டுத் தொலைக்காதீங்க, அசிங்கமா இருக்கும்."

"நல்லதாத்தான் இருக்கும்ல?"

"இல்லன்னா அந்தம்மா எதுக்கு இந்தக் காத்துல நிக்கப்போறாங்க?"

அவர்களுக்குப் பின்னால் நாலு பேர். அந்த நாலு பேருக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் சங்கம். பத்து நாற்பதுக்கு பஸ் வந்தது, மேவிஸ் ஏறினார், பஸ் போனது. வரிசை ஓரடி முன்னால் வந்தது.

"பாத்தியா, நகருது!" என்றார் லெஸ்டர்காரர்.

இப்போது வரிசையின் முதல் ஆள் அவர்தான். எதிரே சுவர். திரும்பிப் பார்த்தார், முப்பது பேர் அவரை நம்பி நின்றிருந்தார்கள். நம்பிக்கைத் துரோகம் செய்யாத இனம் நம்முடையது. மத்தியானம் மழை வந்தது. குடைகள் விரிந்தன. வரிசை கலையவில்லை. மாலை இணையத்தில் விமர்சனங்கள் குவிந்தன: "என்னவென்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் ஒழுங்காக நடந்தது. நாலரை நட்சத்திரம்."

குழு மீண்டும் கூடியது. இந்த முறை பிஸ்கட் மூன்று வகை. கல்லூரியின் வரலாற்று அறிஞர் அழைக்கப்பட்டு, "இடைக்கால யாத்திரிகர்கள் அந்தச் சுவருக்கு எதிரே வரிசையில் நிற்கவில்லை என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை" என்று அடித்துச் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. இடத்துக்கு 'நிற்குமிடம்' என்று பெயர் சூட்டப்பட்டது. சிவப்புக் கயிறு வந்தது. நேரம் குறித்த நுழைவுச் சீட்டு வந்தது. சுவரில் ஒரு பித்தளைத் தகடு வந்தது: "இங்கே மக்கள் காத்திருந்தனர்." வரிசையின் முடிவில் இருப்பது அதுதான். படித்துவிட்டு இடது பக்கமாகப் போகலாம். அங்கே பரிசுப்பொருள் கடை.

கையேட்டின் அட்டையில் மேவிஸ் நிற்கிற படம். முதுகுப் பக்கம்தான். அவரைக் கேட்கவில்லை, தங்கமான மனுஷி அல்லவா?

கடைசித் தீர்மானம் பஸ்ஸைப் பற்றியது. "பதினாலாம் நம்பர் வண்டி வரிசையின் காட்சியை மறைக்கிறது" என்று பஸ் கம்பெனிக்குக் கடிதம் போனது. அங்கே வண்டியை நிறுத்தினால் வேலை போகும் என்று ஜஸ்விந்தருக்கு எழுத்தில் கொடுத்தார்கள். ஐந்து கைகள் உயர்ந்தன. எதிர்ப்பு இல்லை. அதன் பிறகு மூன்று வாரமாக மேவிஸால் வில்லோ இல்லத்துக்குப் போக முடியவில்லை.

இனி, சென்ற செவ்வாய்க்கிழமை.

கயிற்றைத் தூக்கிக்கொண்டு மேவிஸ் உள்ளே ஒரு கால் வைத்தார். வரிசையில் யாரோ நாக்கால் "ட்ச்" என்று சொன்னார்கள். நம் நாட்டில் அதற்கு மேல் வன்முறை கிடையாது. மேவிஸின் முகம் சிவந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு தடவைகூட அவர் குறுக்கே புகுந்ததில்லை. "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, தன் பின்னால் உருவான வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். சீட்டு இல்லாமல் நிற்க நைஜல் அனுமதித்தார். கேக்குக்காக இருக்கலாம்.

பத்து நாற்பதுக்குப் பதினாலாம் நம்பர் வந்தது. ஜஸ்விந்தர் கயிற்றைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், கடைசியில் நின்ற மேவிஸைப் பார்த்தார். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மேவிஸ் சவரப் பையை உயர்த்தி ஆட்டினார். பஸ் கல்லூரிச் சுவர் தாண்டி வளைவில் மறைந்தது.

வரிசை முழுவதும் கைதட்டியது.

"அந்தம்மா நடிகையா?" என்று என் குழுவில் ஒருவர் கேட்டார்.

"இல்ல, உள்ளூர்க்காரங்க."

"என்ன இயல்பா பண்றாங்க!"

கைதட்டல் அடங்கியதும் மேவிஸ் நேராக என்னிடம் வந்தார்.

"ட்ரெவர், ஸ்டானுக்கு மூணு வாரத் தாடி. அவருக்குத் தாடி ஆகாது. சொறிஞ்சு சொறிஞ்சு கன்னத்தைப் புண்ணாக்கிட்டாராம், ஃபோன்ல சொன்னாங்க. நான் யாரையும் குத்தம் சொல்லல. அந்தக் கம்பம்கூட வேணாம். பஸ் நின்னா போதும்."

"கமிட்டில சொல்றேன் மேவிஸ்."

"கமிட்டின்னா யாரு? நீதானே கமிட்டி?"

ஆமாம். ஐந்து கைகளில் நான்காவது என்னுடையது. கயிறு சிவப்பாக இருந்தால் படத்தில் எடுப்பாக விழும் என்று சொன்னதும் நான்தான். குடையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "அடுத்து நாம் பார்க்கப்போவது..." என்று நகர்ந்தேன்.

ஆகவே ஆல்டன்ஃபோர்ட் மக்களே, ஒரு வேண்டுகோள். செவ்வாய், வெள்ளி காலை பத்தரைக்கு மேவிஸை வில்லோ இல்லத்துக்கு அழைத்துப் போக ஒரு கார் வேண்டும். என்னிடம் கார் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் இருபத்திரண்டு பேரை நிற்குமிடத்தில் நிறுத்துகிற பொறுப்பு எனக்கு இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும், தெரியும். இருந்தாலும் முடிந்தவர்கள் கீழே பதில் போடுங்கள். "ஐயோ பாவம்" என்று எழுத வேண்டாம், ஏற்கெனவே அறுபத்தொரு பேர் அவர் வீட்டு வாசலிலேயே வந்து சொல்லிவிட்டார்கள். காரின் எண்ணும் உங்கள் பெயரும் போதும். இன்னொன்று: முதலில் யாராவது போடட்டும் என்று தயவுசெய்து ஒருவர் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருக்காதீர்கள்.