நான் போட்ட நலம்

ஊரில் ஒரே ஒருவனுக்கு மட்டும் இங்கிலீஷ் தெரிந்திருந்தால் அந்த ஊரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். ஐம்பதுகளின் நடுவில், குஜிலியம்பாறைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு அந்த ஒருவன் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். (இங்கிலீஷில் முப்பத்தெட்டு மார்க். அது ஊருக்குத் தெரியாது.)

என் பெரியப்பா முருகையா, இளவயதில் கரும்புத் தோட்டக் கூலியாகப் பிஜித் தீவுக்குக் கப்பலேறியவர். திரும்பி வரவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவார். தன்னைப் பற்றி இரண்டு வரி, பக்கத்து வீட்டு பிஜிக்காரப் பிள்ளை ஜோனேயைப் பற்றி இரண்டு பக்கம். தாயில்லாத ஜோனே, பெரியப்பா கையால் சோறு தின்று வளர்ந்தவன். கரும்புக் காட்டில் வெறுங்காலோடு ஓடித் திரிந்தவன், ரக்பி ஆட்டத்தில் ஊர் அணிக்குப் போனான், பிறகு நாட்டு அணிக்கே போனான். கோழிமுட்டை மாதிரி நீண்ட பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும், எதிராளிகள் இடுப்பைப் பிடித்துச் சாய்ப்பார்கள் என்று பெரியப்பா விளக்கியிருந்தார்.

"சடுகுடுதான். கையில பந்து இருக்கு, அம்புட்டுத்தான்" என்றார் அப்பா.

அவன் ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஆடி ஜெயித்த வருஷம் எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குப் போகப் போகிறான், இனி ஆட்டம் எப்படியோ என்று கடிதம் வந்த அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் பிஜியிலிருந்து எதுவும் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அப்பா எழுந்து நிற்பார். சைக்கிள் தாண்டிப் போனதும் உட்கார்ந்துகொள்வார். அண்ணனை அவர் கடைசியாகப் பார்த்தது தன் எட்டாவது வயதில்.

கடைசியில் மலேயாவிலிருந்து ஜோனேயே எழுதினான். இங்கிலீஷில், எட்டு வரி.

"ஏலே, சத்தமா வாசி" என்றார் அப்பா. பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பத்துப் பேர் இருந்தால் எனக்குத் தலைகால் புரியாது.

லீவு கிடைத்திருக்கிறது, கப்பலில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து ரயிலில் திண்டுக்கல் வருகிறேன் என்று எழுதியிருந்தான். கடைசியாக, முருகையாவைப் பற்றித் தன் வாயாலேயே நேரில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி. கடிதம் என்றால் முதலில் 'இவ்விடம் யாவரும் நலம்' என்று இருக்க வேண்டும். இதில் இல்லை. இங்கிலீஷில் எழுதுகிறவனுக்கு மரியாதை தெரியவில்லை என்று முடிவு செய்து நானே போட்டேன்: "இவ்விடம் நான் நலம், பிஜியில் பெரியப்பாவும் நலம்." நலம் என்று சொன்ன பிறகு அந்தக் கடைசி வரி எதற்கு என்று அதை விட்டுவிட்டேன்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லாருக்காருல்ல. அது போதும்."

திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு உறுமி மேளத்தோடு போனோம். ஏற்பாடு எல்லாம் நான்தான். ரயில் கதவை உடம்பால் அடைத்துக்கொண்டு இறங்கினான் ஜோனே. மேளம் முழங்க மாலை போட்டேன். குனிந்து வாங்கிக்கொண்டவனின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது. வரவேற்பில் ஆள் உருகிவிட்டான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மரியாதையாச் செய்யிறீக. அப்பா சொன்ன மாதிரியே இருக்கு" என்றான். எழுதத்தான் தெரியாது, பேச்சு அசல் எங்கள் ஊர்த் தமிழ். அவன் 'அப்பா' என்றது பெரியப்பாவை; சோற்றோடு தமிழையும் ஊட்டியிருக்கிறார்.

வீட்டு வாசலில் அப்பா கைகூப்பி, "வாங்க, வாங்க" என்றார்.

ஜோனே அப்படியே நின்றான். இழவு வீட்டில் யாரையும் 'வாங்க' என்று அழைக்க மாட்டார்கள். அதையும் பெரியப்பா அவனுக்குச் சொல்லியிருந்தார்; ஸ்டேஷனில் அடித்த உறுமியை இழவு மேளம் என்றே அவன் நினைத்திருந்தான். என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டான்.

"தம்பி, கடுதாசிய முழுசா வாசிச்சியா?"

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அவன் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டான். பைக்குள்ளிருந்து, கயிறு கட்டிய பெரிய திமிங்கிலப் பல் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினான். அவன் நாட்டில் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும் மரியாதை அது.

"சித்தப்பா, அப்பா போயிட்டாரு. நான் மலேயாவுக்குக் கப்பலேற ஒரு மாசம் இருக்கயில. கடுதாசியில சொல்லாத, நேர்ல போயிச் சொல்லுன்னாரு."

மேளக்காரர்கள் கோலை இறக்கினார்கள். அப்பா பல்லை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். பிறகு அவர்களைப் பார்த்தார்.

"எதுக்கு நிப்பாட்டுனீக? எங்கண்ணனுக்கு அடிங்க."

அதே உறுமி, அதே ஆட்கள். அடி மட்டும் மாறியது. அப்பா ஜோனேயின் தோளில் விழுந்து அழுதார். நாட்டுக்கே ஆடிய அந்தத் தோள் குலுங்கியது. நானும் அழுதேன். அதில் பாதி வெட்கம்.

மூன்றாம் நாள் அவன் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டான். துக்க வீட்டில் அதுதான் முறை.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எந்தச் சேதி கொண்டுவந்தாலும் ஒரு கேள்வி உண்டு: "அதுல இருக்கா, நீ போட்டியா?" சம்பந்தி வீட்டுக் கடிதத்துக்கும் கேட்டார்கள், என் பேத்தியின் பரீட்சை முடிவுக்கும் கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

அப்பா மட்டும், இருந்தவரை, சிரிக்காமல் கேட்பார். நான் கடிதத்தை அவர் பக்கம் திருப்பி, 'நலம்' என்ற இடத்தைக் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாத அப்பா அதை விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி, மேல வாசி" என்பார்.