ஆகாயத்தில் ஓர் இராகு காலம்

ஊருக்கு ஒரு பறப்புநேரக்காரர் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். விமானத்தில் ஒருநாளும் ஏறியிருக்க மாட்டார். கடல் கடந்ததென்றால் மூதூருக்கு வள்ளத்தில் போனதோடு சரி. ஆனால் எந்த நகரிலிருந்து எந்த நகருக்கு எத்தனை கிலோமீற்றர், நேரே பறந்தால் எத்தனை மணித்தியாலம், சிங்கப்பூரில் இறங்கி ஏறினால் எத்தனை, எதிர்க்காற்று அடித்தால் எத்தனை என்பதையெல்லாம் சலூன் கதிரையில் முகம் முழுக்க நுரையோடு இருக்கும்போதும் சொல்லுவார். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை.

லிங்கநகர் சிவகுருநாதன் இந்த இனத்தில் முதல் தரம். தங்கை லோஜினி மெல்பேர்ணில் இருக்கிறாள். "எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர், பத்தரை மணித்தியாலம்," என்பார், தாமே நாடா பிடித்து அளந்தவர் போல. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவள் வருகிறாள் என்றதும் ஒரு வாக்குக் கொடுத்தார்: கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளியே வரும்போது அவள் காணும் முதல் முகம் அண்ணனுடையது.

ஞாயிறு மத்தியானம் வாடகை வான் வாசலுக்கு வந்தது. மனைவி கனகம்மா சோற்றுப் பார்சல்களோடு ஏறிவிட்டாள். இவரோ போனில் விமானத்தைப் பார்த்தபடி கையைத் தூக்கினார்.

"பொறு தம்பி. இராகு காலம்."

"அது நாலரைக்கெல்லோ," என்றாள் கனகம்மா.

"திருகோணமலைக்கு நாலரைக்கு. தங்கச்சி நிக்கிற இடத்தில இப்பதான் நாலரை. பயணம் ஆற்ற? அவளின்ர. அப்ப ஆற்ற இராகு காலத்தைப் பாக்கிறது?"

அந்த விமானமோ மேற்கே பறந்தது. சூரியனும் மேற்கே போனது. இரண்டும் சேர்ந்து ஓடினால் பொழுது எப்படிச் சாயும்? தரையில் ஒன்றரை மணித்தியாலத்தில் மரியாதையாக முடிகிற இராகு காலம், விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு அவுஸ்திரேலியப் பாலைவனம் நெடுக மூன்று மணித்தியாலம் இழுபட்டது.

"அண்ணன், ஆகாயம் உங்கட பொறுப்பு, ரோட்டு என்ட பொறுப்பு," என்றான் சாரதி றிஸ்வி. "ரோட்டால ஆறு மணித்தியாலம் வேணும்."

"பிளேனுக்கு இன்னும் எட்டுக் கிடக்கு."

கனகம்மா பார்சல்களைப் பிரித்தாள். சாப்பிட்டார்கள். ஆகாயத்து இராகு காலம் ஒருவழியாக முடிந்து, அவர் குளித்து, உடுத்து, கேற்றைப் பூட்டி, பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்த்து ஏறியபோது மணி நாலரை.

"இப்ப எங்கட இராகு காலம்," என்றாள் கனகம்மா. "நான் அசைய மாட்டன்."

ஆறு மணிக்குத்தான் வான் நகர்ந்தது. குருநாகல் வரும் முன்னரே போன் அடித்தது.

"அண்ணை, எங்க நிக்கிறியள்?"

"வந்துகொண்டிருக்கிறம். உனக்கு எதிர்க்காற்று இருக்கேல்லையோ?"

"இல்லை. நான் வெளியால வந்திட்டன். முதல் முகம், ரக்சி வேணுமோ எண்டு கேட்ட ஆளின்ர முகம். இரண்டாவதும் அவர்தான். நீங்கள் ஆறுதலா வாங்கோ."

சிவகுருநாதன் போனில் விமானத்தை இன்னொருமுறை பார்த்தார்.

"பத்து நிமிசம் முந்தி இறக்கிப்போட்டான். விமானம் ஓட்டுறவனுக்கு நேரம் தெரியேல்ல."

"ஓம் அண்ணன்," என்றான் றிஸ்வி. "அவன்ட பிழைதான்."

சிரிக்கிறீர்கள். நீங்களும் சொந்தக்காரரின் விமானத்தைப் போனில் விரலால் தேய்த்துத் தேய்த்துத் தரையிறக்கியவர்தானே? வந்தவர்களிடம் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள், வெளியே வந்ததும் முதலில் யாருடைய முகத்தைக் கண்டார்களென்று.